இரண்டாம் தாளில் உள்ள படி

மயிலாப்பூரில் டிராம் ஏறுவது எப்படி என்று 1946-ஆம் வருஷம் ஐப்பசி வரையில் யாரும் யாரையும் கேட்டதில்லை. குளத்துக்குத் தெற்கே, தண்டவாளம் முடிகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. டிராம் அதன் நிழலில் வந்து நிற்கும். வந்தவர்கள் இறங்குவார்கள். கண்டக்டர் கயிற்றைப் பிடித்துக் கூரைமேல் மின்கம்பியைத் தொட்டிருக்கும் கம்பத்தை அந்தப் பக்கம் திருப்புவார். டிரைவர் தம் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு பின்கோடிக்கு நடந்துபோய் அங்கே மாட்டுவார். பின்கோடி முன்கோடியாகிவிடும். அதற்குள் போக வேண்டியவர்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். இதில் திருத்துவதற்கு ஏதோ இருக்கிறது என்று அந்தப் பேட்டையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் யுத்தம் முடிந்துவிட்டது. யுத்தத்துக்காக ஏற்பட்ட கமிட்டிகள் கலைந்து, அவற்றில் இருந்த பெரிய மனிதர்கள் பலர் வீட்டில் சும்மா உட்கார நேர்ந்தது. இது நாட்டுக்கு நல்லதல்ல என்று மேலிடத்தில் யாரோ எடுத்துச் சொன்னார்கள். அப்படிப் பிறந்ததுதான் டிராம் முனைய மேடை அமைப்பு ஆலோசனைக் கமிட்டி. அதற்குத் தலைவர் ராவ் சாகிப் ரகுபதி. யுத்த காலத்தில் விளக்கணைப்புக் கமிட்டிக்குத் தலைமை வகித்து, தெற்கு மதராஸ் முழுவதையும் இருட்டில் வைத்திருந்ததற்காகப் பட்டம் வாங்கியவர். வெளிச்சம் வந்த பிறகு அவருக்கு வேலையில்லாமல் இருந்தது.

தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். உள்ளே நான்கு மாதம் ஏதோ வேலை நடந்தது. டிராம் தகரத்துக்கு வெளியே நின்றது. ஜனங்கள் வழக்கம்போல் ஏறினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வெரோனிகாவை நாய் கடித்தது.

வெரோனிகா, சாந்தோம் பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார் பவுல்சாமியின் மனைவி. அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவள். மாதா கோயிலில் விடியற்காலைப் பூசை முடிந்து கச்சேரி ரோட்டில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவளை ஒரு நாய் குரைக்காமல், முறைக்காமல், பின்னால் வந்து கெண்டைக்காலில் கவ்வியது. தெருவில் இருந்தவர்கள் கல்லெடுத்து விரட்டினார்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் பவுல்சாமி. டாக்டர் காயத்தைப் பார்த்தார்.

"பதினாலு ஊசி. தினம் ஒண்ணு. வயித்துல போடணும். ஊசி ரூம் காலைல ஒம்பது மணிக்கு மூடிடும். ஒரு நாள்கூட விடக்கூடாது."

"விட்டா?" என்றார் பவுல்சாமி.

"விடாதீங்க" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் அந்த நாய் வாயில் நுரை தள்ளி, சுவரில் முட்டி முட்டிச் செத்துப்போனது. அதைப் பார்த்துவிட்டு வந்த பவுல்சாமி வாசலில் செருப்பைக் கழற்றினார். வெரோனிகா அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "செத்துடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு குவளையில் தண்ணீர் மொண்டு, ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். இறங்கியது. அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து தடவை அப்படிக் குடித்துப் பார்ப்பதும், பவுல்சாமி பார்க்காததுபோல் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

முதல் நான்கு ஊசிக்கும் டிராமில்தான் போனார்கள். வேறு வழியும் இல்லை. கரி வாயுவில் ஓடிய பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. பதினாலு நாளும் ரிக்‌ஷா வைப்பது ஒரு வாத்தியார் சம்பளத்தில் நடக்கிற காரியமல்ல.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு இருவரும் போனபோது தகரம் இல்லை. மரமும் இல்லை. அந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை நீண்டு கிடந்தது. சுற்றிலும் ஈட்டி முனை வைத்த இரும்புக் கிராதி. ரஸ்தாவைப் பார்த்த பக்கத்தில், கோயில் யானை நுழையலாம் என்கிற அகலத்தில் ஒரு வளைவு. அந்த வளைவுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய இரும்புச் சுழல் கதவு. மேலே மாவிலைத் தோரணம்.

மாலை சூட்டிய தனி டிராம் ஒன்று ராயப்பேட்டையிலிருந்து வந்தது. ராவ் சாகிபும் கமிட்டி அங்கத்தினர்களும் மேடையில் இறங்கினார்கள். கிராதிக்கு உள்ளே அவர்கள், வெளியே ஊர். ராவ் சாகிப் பிரசங்கம் செய்தார்.

"மகா ஜனங்களே! யுத்தத்தில் நாம் வெற்றியடைந்தோம். ஆனால் டிராம் ஏறுவதில் வெற்றியடைந்தோமா என்றால், இல்லை. முட்டி மோதிக்கொண்டு மரத்தடியில் ஏறிக்கொண்டிருந்தோம். எந்த நாகரிக தேசத்திலாவது மரத்தடியில் டிராம் ஏறுவார்களா? அந்த மரத்தை நானே முன்னின்று வெட்டினேன். இனி மயிலாப்பூர் முனையத்தில் நெரிசல் என்ற சொல்லே இருக்காது. இது என் வாக்குறுதி!"

பலத்த கரகோஷம். பிரமுகர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். கதவு வெண்ணெயாகச் சுழன்றது. அவர்கள் வந்த டிராம் மாலையோடும் காலி ஆசனங்களோடும் திரும்பிப் போனது.

பவுல்சாமி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சுழல் கதவைத் தள்ளினார். அது அசையவில்லை. கிராதியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். டிராம் நுழைகிற இடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ஆள் தாண்ட முடியாத பள்ளம் வெட்டியிருந்தார்கள். வேறு வாசல் இல்லை. உள்ளே காக்கிச் சட்டையோடு நின்றிருந்த காவலாளியைக் கூப்பிட்டார். நாகராஜ் என்று பெயர். குளத்துக்குப் பின்புறம் குடிசையில் இருப்பவன், தெரிந்த முகம்.

"நாகராஜ், மேடைக்கு ஏற வழி எது?"

"இந்தக் கதவுதான் சார் வழி."

"இது வெளியே வர்ற வழி இல்ல?"

"ஆமா சார். வெளிய வர்ற வழி."

"உள்ளே போற வழி?"

"அது டிராம்ல கீது சார்."

"டிராம்லயா?"

"டிராம்ல வந்தா மேடைல எறங்கலாம். மேடைல எறங்கிட்டா உள்ள கீறேன்னு அர்த்தம். அப்பால உன் இஸ்டம், எந்த வண்டில வோணாலும் ஏறிக்கினு போய்க்கினே இரு."

"அப்ப நான் டிராம்ல ஏறணும்னா..."

"மொதல்ல டிராம்ல வரணும் சார்" என்றான் நாகராஜ். சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. "நானே காலங்காத்தால மணிக்கூண்டாண்ட நடந்துபோய், அங்க ஏறி வந்துதான் டூட்டில எறங்கறேன். வூடு தோ கீது, கல்லெறிஞ்சா வுழும்."

மணிக்கூண்டு என்றால் ராயப்பேட்டை. வழியில் இருந்த நிறுத்தங்களையெல்லாம் எடுத்துவிட்டார்களாம். பக்கத்திலேயே நிறுத்தங்கள் இருந்தால் முனையத்துக்கு மதிப்பு இராது என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. வளைவில் ஒட்டியிருந்த அறிக்கையில் அது அச்சாகி இருந்தது. பவுல்சாமி அதை இரண்டு தடவை படித்தார். குளத்துத் தெரு கடிகாரம் ஏழே முக்கால் அடித்தது. ஓடிப்போய் ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்தார். மணிக்கூண்டில் பாதி மயிலாப்பூர் நின்றுகொண்டிருந்தது. காலியாக வந்த டிராம் அங்கே ஒரு நொடியில் நிரம்பியது. இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில், வெரோனிகா ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனாள். ஊசி அறைக் கதவில் கம்பவுண்டர் கை வைக்கிற சமயத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்ததும் பவுல்சாமி கோயில் வாசலில் ஹென்றியைப் பிடித்துக்கொண்டார். ஹென்றி கமிட்டி ஆபீசில் படம் வரைபவன். பவுல்சாமியிடம் படித்தவன். மதராஸ் ராஜதானிப் படத்தில் காவேரியை ஒரே இழுப்பில் போடுவான் என்று வகுப்பில் அவனுக்குப் பெயர்.

"ஏண்டா ஹென்றி, வாசல் வைக்காம ஒரு மேடை வரைஞ்சிருக்கியே, கண்ணு தெரியலையா உனக்கு?"

"வாசல் வரைஞ்சேன் சார். படி, வாசல், மழைக்கு ஒரு கூரை, எல்லாம் வரைஞ்சேன். ஆனா படம் ஒரு தாள்ல அடங்கலை. இறங்குற பக்கம் முதல் தாள்ல. ஏறுற பக்கம் இரண்டாம் தாள்ல."

"சரி?"

"காகிதக் கட்டுப்பாடு சார். ஒரு வேலைக்கு ஒரு தாள்தான் சாங்ஷன். முதல் தாளுக்கு அனுமதி வந்துச்சு, கட்டிட்டாங்க. இரண்டாம் தாளை உபகமிட்டிக்கு அனுப்பிட்டாங்க."

"நீ எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"சொன்னேன் சார்." ஹென்றி தலையைக் குனிந்துகொண்டான். "ஏறாம ஒருத்தன் எப்படி இறங்குவான்னு கேட்டேன். 'இறங்கறதுதான் முக்கியம், ஏறினவன் இறங்கித்தானே ஆகணும்'னு தலைவர் சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் நான் எப்படி சார் பேசறது? செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுது. நீங்களே ஒரு மனு எழுதிக்கிட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை எட்டாம் ஊசி. அதுவரை தினமும் மணிக்கூண்டுக்கு ரிக்‌ஷாவில் போய்த்தான் டிராம் பிடித்தார்கள். வெரோனிகாவின் வயிறு ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போய், காலும் வீங்கி, மாலையில் காய்ச்சல் காண ஆரம்பித்திருந்தது. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பவுல்சாமி மனுவோடு மௌண்ட் ரோடு ஆபீசுக்குப் போனார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகு உள்ளே அழைத்தார்கள்.

பெரிய மேஜைமேல் மயிலாப்பூர் முனையம் மரத்தில் செய்து வைக்கப்பட்டிருந்தது. அழகான வேலை. கிராதி, வளைவு, சுழல் கதவு, விரற்கடை உயரத்தில் ஒரு டிராம்கூட இருந்தது. மேடையில் பிரயாணிகளாகச் சில மரப்பொம்மைகள்.

ராவ் சாகிப் மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏற முடியலைன்னு எழுதியிருக்கீரே, எங்கே ஓய் கஷ்டம்? காட்டும்."

பவுல்சாமி ரஸ்தாப் பக்கம் விரலை வைத்தார். "இங்கே நிக்கிறேங்க ஐயா. மேடைக்குப் போகணும்."

ராவ் சாகிப் ஒரு பொம்மையை இரண்டு விரலால் தலையைப் பிடித்துத் தூக்கினார். ரஸ்தாவிலிருந்து எடுத்து, கிராதிக்கு மேலாகக் கொண்டுபோய், மேடையில் நிற்க வைத்தார்.

"ஏறியாச்சு!" என்றார்.

அங்கத்தினர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொம்மை உண்மையாகவே மேடையில் நின்றது. ஒருவர், "ரெண்டு செகண்டுகூட ஆகலையே" என்று வியந்தார்.

"ஐயா, என்னை யாரும் அப்படித் தூக்கி வைக்க மாட்டாங்களே" என்றார் பவுல்சாமி. "என் மனைவியைக் கடிச்ச நாய் செத்துப்போச்சுங்க. இன்னும் ஆறு ஊசி பாக்கி. ஒரு நாள் தவறினா என்ன ஆகும்னு டாக்டர் வாயால சொல்லக்கூட மாட்டேங்கறார். ஒரு கதவு, வேண்டாம், ஒரு ஏணி போட்டுக் கொடுங்க. இந்த ஆறு நாளைக்கு மட்டும்."

ராவ் சாகிபின் கண்கூடக் கலங்கியது.

"வாத்தியார், உம்ம கஷ்டம் எனக்குப் புரியறது. நானும் குடும்பஸ்தன். ஆனா ஒரு தனி மனுஷ்யனுக்காக ஏணி வைக்கறதாயிருந்தா கமிட்டி எதுக்கு? இந்த மூணு நாளா அந்த மேடையில ஒரு விபத்து உண்டா? தள்ளுமுள்ளு உண்டா? ஒரு பிக்பாக்கெட் உண்டா? மரத்தடியில தினம் நடந்துண்டிருந்ததே! நாலு மாசத்துல நாங்க இதைச் சாதிச்சிருக்கோம். ஜனங்களை உள்ளே விட்டா இதெல்லாம் என்ன ஆகும்னு யோசிச்சீரா?"

இருந்தாலும் மனுவைத் தள்ளிவிடவில்லை. வாசல் வேண்டும் என்பதற்குப் போதுமான தேவை இருக்கிறதா என்று பார்க்க, மயிலாப்பூர் மேடையில் தினம் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. எண்ணும் வேலை நாகராஜிடம் ஒப்படைக்கப்பட்டது. அவனுக்கு எழுத்து அதிகம் வராது. அதனால் சிரமமும் இருக்கவில்லை. தினம் ஒரு பூஜ்யம் போட்டான்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை விடவே இல்லை. கச்சேரி ரோட்டில் முழங்காலளவு தண்ணீர். ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியைச் சாய்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள். பவுல்சாமி விடியற்காலையில் மூன்று தெரு அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"டிராம் ஓடுது. மணி கேக்குது பாருங்க" என்றாள் வெரோனிகா. "அந்த மேடைக்கே போவோம்."

"அங்கே எப்படி ஏறுறது வெரோ?"

"எனக்கென்ன தெரியும்? இங்கே உக்காந்துகிட்டு இருக்க முடியாது. என்னைக் கூட்டிக்கிட்டு போங்க."

காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்தவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு குடைக்குள் இருவரும் நடந்தார்கள். மேடையை அடைந்தபோது மணி எட்டு. டிராம் ஒன்று காலியாக மேடையில் நின்றது. பத்தடி தூரம். நடுவில் கிராதி.

பவுல்சாமி குடையை மனைவி கையில் கொடுத்துவிட்டுச் சுழல் கதவைத் தோளால் முட்டினார். திரும்பவும் முட்டினார். பிறகு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிராதியில் கால் வைத்து ஏறினார். ஐம்பது வயதில், தம்மிடம் படித்த பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. ஈட்டி முனை உள்ளங்கையைக் கிழித்தது.

நாகராஜ் ஓடிவந்தான். "சார், சார், வோணாம் சார்! வவுத்துல குத்திக்கினா இன்னா ஆவறது? என் வேலயும் பூடும் சார்!"

"நான் வரலடா. இவளை மட்டும் தூக்கி உள்ளே விடு. உன் காலைப் பிடிக்கிறேன்."

"ஐயோ, பெரிய வார்த்தை சொல்லாத சார்." நாகராஜ் கிராதி வழியாகக் கையை நீட்டி அவரைத் தாங்கினான். அவன் அழுதுகொண்டிருந்தான். மழையில் அது தெரியவில்லை. "கம்பி மேல அம்மாவ எப்டி சார் தூக்குவேன்? கிழிச்சுடுமே!"

டிரைவர் மெஹபூப் அலி கைப்பிடியை மாட்டிக்கொண்டே இதைப் பார்த்தார். மரத்தடிக் காலத்திலிருந்து அந்த லைனில் ஓட்டுபவர். முதல் நான்கு நாளும் வெரோனிகா நொண்டிக்கொண்டு ஏறும்வரை காலால் மணியை அடிக்காமல் காத்திருந்தவர். இப்போது அவர் மணியை ஒரு மிதி மிதித்தார். டிராம் கிளம்பிவிட்டது.

வெரோனிகா, "போயிடுச்சே" என்றாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசிப் பவுல்சாமி கேட்டதில்லை.

டிராம் மேடையைத் தாண்டி, கிராதி முடிந்து, நாற்பதடி போய், நட்ட நடு ரஸ்தாவில் நின்றது. விடாமல் மணி அடித்தது.

"இன்னா வாத்யாரே, பாத்துக்கினு நிக்கறே?" மெஹபூப் அலி தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "தங்கச்சியக் கூட்டிக்கினு ஓடியா! வண்டி நிக்குது, நான் நிறுத்தல. தண்ணில தானா நின்னுக்கிச்சு!"

கண்டக்டர் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பவுல்சாமி மனைவியைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு நாளும் எட்டு மணி வண்டி அந்த இடத்தில் தானாக நின்றுகொண்டது. மயிலாப்பூர் ஜனங்கள் இதைத் தெரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. பதினாலாம் நாள் அங்கே எழுபது பேர் நின்றார்கள். வெரோனிகாவுக்கு ஆசனம் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறினார்கள். கடைசி ஊசியும் போட்டாயிற்று. திரும்பி வரும்போது வெரோனிகா மணிக்கூண்டுக் கடையில் சோடா வாங்கித் தரச் சொல்லி, முழுப் புட்டியையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்தாள். பவுல்சாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அன்று மாலையே மெஹபூப் அலியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

மேடை இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திப் பிரயாணிகளை ஏற்றியதன் மூலம் மேடையை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. வீட்டில் ஆறு பேர் அவர் கையை நம்பி இருந்தார்கள். விசாரணையை ராவ் சாகிபே நடத்தினார். பவுல்சாமிக்குச் சாட்சி சம்மன் வந்தது.

"என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள் வெரோனிகா.

"ஏத்தினார்னு சொன்னா அவர் வேலை போயிடும். ஏத்தலைன்னு சொன்னா பொய்."

வெரோனிகா சம்மனை வாங்கிப் படித்தாள். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க எழுதி வெச்சிருக்கறதையே அவங்களைப் படிக்கச் சொல்லுங்க" என்றாள்.

விசாரணை அறையில் அதே மேஜை, அதே பொம்மைகள். மெஹபூப் அலி ஓர் ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாத்தியார், மழை பெய்த அந்த வியாழக்கிழமை காலையில நீர் மயிலாப்பூர்லே டிராம் ஏறினீரா, இல்லையா?" என்றார் ராவ் சாகிப்.

"ஐயா, அன்னைக்கு மயிலாப்பூர்ல எத்தனை பேர் ஏறினாங்கன்னு பதிவேட்டில இருக்குமே. தயவு செஞ்சு படிக்கச் சொல்லுங்க."

ஹென்றி பதிவேட்டைப் புரட்டினான். "பூஜ்யம்" என்றான்.

"அதுக்கு அடுத்த நாள்?"

"பூஜ்யம்."

"கடைசி நாள்? எழுபது பேர்னு சொல்றாங்களே?"

"பூஜ்யம் சார்." ஹென்றி தலை நிமிரவில்லை. ஆனால் குரலில் ஏதோ ஒரு தெம்பு வந்திருந்தது.

"பதிவேடு தப்புன்னு ஐயா சொன்னா, நான் வாயைத் திறந்து சொல்றேன்" என்றார் பவுல்சாமி.

ராவ் சாகிப் பதிவேட்டைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கோப்பைப் பார்த்தார். 'மயிலாப்பூரில் நெரிசல் முற்றிலும் ஒழிக்கப்பட்டது' என்று அந்தப் பூஜ்யங்களை ஆதாரமாகக் காட்டி அவர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் அதில் இருந்தது.

"பதிவேடு தப்பாகாது" என்றார் கடைசியில். "மயிலாப்பூரில் யாரும் ஏறவில்லை. ஏறாத பிரயாணியை டிரைவர் ஏற்றியிருக்க முடியாது. அவர் வண்டியை நிறுத்தியது மழைநீரினால். கேஸ் தள்ளுபடி."

மெஹபூப் அலி வெளியே வந்ததும் பவுல்சாமியைக் கட்டிக்கொண்டார். பவுல்சாமி அன்று மௌண்ட் ரோட்டிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்தே வந்தார். கால் வலிக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கமிட்டியின் அடுத்த தீர்மானம் வெளியாயிற்று. மயிலாப்பூர் முனையத்தில் பிரயாணிகள் எவரும் ஏறுவதில்லை என்பது விசாரணையில் சாட்சியத்தோடு நிரூபணமாகிவிட்டபடியால், அங்கே டிராம் விடுவது மின்சாரத்தை வீணாக்குவதாகும். இனி வண்டிகள் மணிக்கூண்டோடு திரும்பும். மேடை மட்டும் மற்ற முனையங்களுக்கு முன்மாதிரியாகப் பாதுகாக்கப்படும்.

மெஹபூப் அலி கடைசி வண்டியை ஓட்டிவந்து, பவுல்சாமி வீட்டு வாசலுக்குச் சொல்லிக்கொண்டு போக வந்தார். அவரை வண்ணாரப்பேட்டை லைனுக்கு மாற்றியிருந்தார்கள்.

"உன்னாலதான் என் வேல பொழச்சுது வாத்யாரே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "லைனும் உன்னாலதான் பூட்ச்சு" என்று சிரித்தார். பவுல்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் கச்சேரி ரோட்டில் நடந்துபோனபோது தெரிந்தவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களும் நடந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

தை மாதம் காகிதக் கட்டுப்பாடு தளர்ந்தது. உபகமிட்டி இரண்டாம் தாளுக்கு அனுமதி கொடுத்தது. அனுமதித்த வேலையை நிறுத்த ஒருவருக்கும் அதிகாரம் இல்லாததால் கொத்தனார்கள் வந்தார்கள். வாசல் வைத்தார்கள். ஏழு படி கட்டினார்கள். மழைக்குக் கூரையும் போட்டார்கள். ஹென்றி வரைந்தது வரைந்தபடியே, கைப்பிடிச் சுவர் உட்பட, ஒரு குறையில்லாமல் அமைந்தது.

திறப்பு விழாவுக்கு ராவ் சாகிப் மோட்டாரில் வந்தார். இந்தப் படிகள் ஒரு சாதாரண ஏழைப் பள்ளி ஆசிரியரின் மனுவுக்குச் செவி சாய்த்துக் கட்டப்பட்டவை என்றும், ஜனங்களின் குரலைக் கேட்காத கமிட்டி என்று இனி எவரும் சொல்ல முடியாது என்றும் பேசினார். அந்த ஆசிரியரே முதலில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பவுல்சாமி மறுத்துப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. முன்னே தள்ளிவிட்டது. ஏழு படியையும் ஒவ்வொன்றாக ஏறினார். மேடையில் போய் நின்றார். எதிரே தண்டவாளத்தின் மேல் துருவேறி, நடுவில் புல் முளைத்திருந்தது. அவர் தண்டவாளம் போகும் திசையில், ராயப்பேட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் படியேறி, ஏன் நிற்கிறோம் என்று தெரியாமலே வந்து நின்றார்கள்.

"சார்" என்று நாகராஜ் காதோரம் மெல்லச் சொன்னான். "வண்டி வராது சார்."

"தெரியும்" என்றார் பவுல்சாமி. ஆனால் நகரவில்லை.

கிராதிக்கு வெளியே மோட்டாரில் ஏறப்போன ராவ் சாகிப் ஒரு கணம் திரும்பி மேடையைப் பார்த்தார். மேடை நிறைய ஜனங்கள். ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல், சத்தமில்லாமல், ரஸ்தா வரை நீண்டு நின்றது வரிசை.

"என்ன ஒழுங்கு, பாரும்!" என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரிடம்.